‘உட்பட்டு’ என்றொரு சொல்: தேர்தல் விதிகள், கூட்டாட்சி, பென்னாகரம்

1

வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி 2025இன் கடைசி மாதங்களில் தமிழ்நாட்டில் பெரும் இரைச்சலோடு எழுந்தது. அக்டோபர் 27 அன்று இந்தியத் தேர்தல் ஆணையம் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை அறிவித்தது. நவம்பர் 4 முதல் வீடு வீடாகப் படிவங்கள் வந்தன. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அப்போது ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. உச்சநீதிமன்றம் போனது. அ.தி.மு.க. திருத்தத்தை ஆதரித்தது. ஒரு தரப்பு ‘மாநில உரிமை’ என்றது. மற்றது ‘அரசியல் சட்டம்’ என்றது.

இந்த இரண்டு சொல்லாடல்களும் எதிரெதிரானவை என்றே நம் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுமே ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: அதிகாரம் யாருடைய சொத்து? தில்லியினுடையதா, சென்னையினுடையதா? அந்த அதிகாரம் யார் மேல் போய் விழுகிறது என்ற கேள்வி இந்தப் பாகப்பிரிவினையில் காணாமல் போகிறது. பென்னாகரத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறவனுக்குச் சென்னையும் தூரம்தான், தில்லியும் தூரம்தான். சென்னை கொஞ்சம் கிட்ட இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சட்டம் படித்தவனல்ல. தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்தவன். ஆனால் அரசியல் சட்டமும் ஒரு பிரதிதானே. சூத்திரம், உரை, உரைமறுப்பு, புறனடை எல்லாம் அதற்கும் உண்டு. அதை வக்கீல்கள் மட்டுமே வாசிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

2

தேர்தல் பற்றிய பகுதியை வாசிக்கிறபோது என் கண்ணில் படுகிற முதல் சொல் ‘உட்பட்டு’. 327ஆவது உறுப்பு நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்குமான தேர்தல் குறித்து, வாக்காளர் பட்டியல், தொகுதி வரையறை உட்பட எல்லாவற்றைப் பற்றியும் சட்டம் செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அடுத்த உறுப்பு 328. மாநிலச் சட்டமன்றம் தன் தேர்தலைப் பற்றித் தானே சட்டம் செய்யலாம் என்கிறது. எந்த அளவுக்கு? நாடாளுமன்றம் சட்டம் செய்யாமல் விட்ட அளவுக்கு. ஏழாவது அட்டவணையிலும் இதே கதைதான். மத்தியப் பட்டியலின் 72ஆவது இனம் தேர்தலை முழுசாக எடுத்துக்கொள்கிறது. மாநிலப் பட்டியலின் 37ஆவது இனம் மாநிலச் சட்டமன்றத் தேர்தலை மாநிலத்துக்குத் தருகிறது, ஆனால் நாடாளுமன்றம் செய்யும் சட்டத்துக்கு ‘உட்பட்டு’.

கொடுக்கிற வாக்கியத்துக்குள்ளேயே பிடுங்கிக்கொள்கிற சொல்லும் இருக்கிறது. 1950, 1951 ஆண்டுகளின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்கள் இரண்டும் வந்தபிறகு மாநிலத்துக்கு மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள் என்பது போலத்தான் இது.

நம் இலக்கண நூல்களில் இயலின் கடைசியில் புறனடைச் சூத்திரம் ஒன்று வைப்பார்கள். சொல்லாமல் விட்டதைச் சொன்னதன் வழியே கண்டுகொள் என்பதற்காக வைக்கப்படுவது அது. அரசியல் சட்டத்தின் தேர்தல் பகுதியில் இப்படி இரண்டு புறனடைகள் இருக்கின்றன. ஒன்று மாநிலத்துக்கான 328. அது வற்றிப்போன கிணறு. மற்றது 324. தேர்தலைக் கண்காணிக்க, நெறிப்படுத்த, கட்டுப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் தருகிற உறுப்பு. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இதை ஓர் அதிகாரத் தேக்கமாகவே பார்த்தது: சட்டம் பேசாத இடத்தில் ஆணையம் பேசலாம். ஆக, நாடாளுமன்றம் விட்டுவைத்த இடைவெளியும் மாநிலத்துக்கு வரவில்லை, ஆணையத்துக்குப் போய்விட்டது. சட்டம் பேசிய இடத்தில் ஆணையம் மீறக்கூடாது என்ற எல்லைக்கோட்டையும் நீதிமன்றமே போட்டது. கேரளத்தில் பரவூர்த் தொகுதியில் 1982இல் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரத்தை வைத்து நடத்திய வாக்கெடுப்பை, அப்போதைய சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் செல்லாததாக்கியது. ஆனால் ‘பேசிய இடம் எது, பேசாத இடம் எது’ என்று தீர்மானிப்பதில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது.

அமெரிக்க அரசியல் சட்டம் இதைத் தலைகீழாகச் சொல்லும். தேர்தலின் நேரம், இடம், முறை ஆகியவற்றை அந்தந்த மாநிலச் சட்டமன்றம் விதிக்கும், காங்கிரஸ் அதை மாற்றலாம். அங்கே முதல் உரிமை மாநிலத்துக்கு. ‘ஆகா, அதுதானய்யா கூட்டாட்சி’ என்று நம் நண்பர்கள் சிலர் துள்ளக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். அந்த மாநில உரிமையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தென் மாநிலங்கள் எழுத்தறிவுச் சோதனை, தலைவரி என்று ஒவ்வொன்றாக வைத்துக் கறுப்பின மக்களைப் பல பத்தாண்டுகள் பட்டியலுக்கு வெளியே நிறுத்தின. 1965இல் மத்தியச் சட்டம் ஒன்று வந்துதான் அந்தக் கதவை உடைத்தது. 2013இல் அதன் முக்கியமான பூட்டு ஒன்றை அவர்களுடைய உச்சநீதிமன்றமே கழற்றியது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை வைத்து மட்டும் அது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது.

3

நம் பிரதிக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1948இன் வரைவு அரசியல் சட்டத்தில் மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்குத் தனியாக மாநில ஆணையமே இருந்தது. ஆளுநர் நியமிப்பார். 1949 ஜூன் 15 அன்று அம்பேத்கர் அதை எடுத்துவிட்டு, நாடு முழுமைக்கும் ஒரே ஆணையம் என்று புதிய உறுப்பை முன்மொழிந்தார். காரணத்தையும் சொன்னார். சில மாகாணங்களில், அந்த மாகாணத்தின் இனத்தையோ மொழியையோ பண்பாட்டையோ சேராதவர்களைப் பட்டியலில் சேர்க்காமல் விடும்படி ஆட்சியில் இருப்பவர்கள் அதிகாரிகளை நடத்துகிறார்கள் என்பது அவருக்குக் கிடைத்த தகவல். 1947–50 காலத்துப் பட்டியல் தயாரிப்பை ஆராய்ந்த ஆர்னித் ஷானியின் 2018ஆம் ஆண்டு நூலில் இதன் பின்னணி விரிவாகக் கிடைக்கிறது. அசாமில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளின் பெயரைச் சேர்க்க உள்ளூர் அதிகாரிகள் மறுத்தார்கள். அந்த அகதிகளின் சங்கங்கள் அரசியல் நிர்ணய சபையின் செயலகத்துக்கு மனுமேல் மனு எழுதின.

ஆக 324 பிறந்தது தில்லியின் பேராசையால் மட்டுமல்ல. பிழைக்க வந்தவன், ஊர் மாறி வந்தவன், பெரும்பான்மைக்கு வேண்டாதவன், இவனுடைய பெயரைக் காப்பாற்றத்தான் அது மாகாணத்தின் கையிலிருந்து பட்டியலைப் பிடுங்கியது. மாநில சுயாட்சி பேசுகிற நாம் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டுப் போகக் கூடாது.

அதே சமயம் அந்த விவாதத்தின் மறுபாதியையும் மறக்கக் கூடாது. ஆணையரின் நியமனத்தைக் குடியரசுத் தலைவர் கையில், அதாவது அமைச்சரவையின் கையில், விட்டுவிடுவது கட்சி அரசியலுக்கு வழி திறக்கும் என்று குன்ஸ்ரு எச்சரித்தார். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நியமனத்தை ஏற்க வேண்டும் என்றார் ஷிப்பன் லால் சக்சேனா. மறுநாள் பதில் சொன்ன அம்பேத்கர், ஒரு முட்டாளோ அயோக்கியனோ, நிர்வாகத்தின் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கக்கூடியவனோ அந்தப் பதவிக்கு வருவதைத் தடுக்க இந்தப் பிரதியில் ஏற்பாடு இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். தன் சூத்திரத்தின் ஓட்டையைத் தானே சுட்டிக்காட்டிய ஆசிரியர் அவர். அந்த ஓட்டை அடைபடவில்லை. 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தேர்வுக்குழுவில் தலைமை நீதிபதியை வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் செய்த சட்டம் அவரை எடுத்துவிட்டு ஒரு மத்திய அமைச்சரை வைத்தது. மூவரில் இருவர் ஆளும் தரப்பு. மாநிலங்களின் குரல் அந்த அறைக்குள் எப்போதும் இருந்ததில்லை.

மாகாணம் வேண்டாதவனை நீக்கும், மையம் நீக்காது என்பது 324இன் உள்ளே ஒளிந்திருக்கிற நம்பிக்கை. அம்பேத்கர் பேசிய அதே 1949ஆம் ஆண்டில் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரைக் குடியற்றவராக்கிய இலங்கை நாடாளுமன்றம், 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி அவர்களுடைய வாக்கையும் எடுத்துக்கொண்டது. 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பியவர்கள் 1952 தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. அந்தத் தோட்டங்களுக்கு ஆள்கட்டிக்கொண்டு போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று. பென்னாகரம் அப்போது சேலம் மாவட்டம்தான். பெயரை நீக்கியது மாகாணம் அல்ல, மையமேதான். பெரும்பான்மை எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் அடிக்கிற பேனாவும் இருக்கிறது.

4

சரி, மாநிலத்தின் கையில் கொடுத்தால்? இதற்குத் தமிழ்நாட்டின் வரலாற்றில் இரண்டு விதமான பதில்கள் இருக்கின்றன.

1919 சட்டத்தின் கீழ் பெண்களுக்கு வாக்கு உண்டா இல்லையா என்பதை லண்டன் தீர்மானிக்காமல் மாகாணச் சபைகளிடம் விட்டது. 1921இல் முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது சென்னை மாகாணம். சொத்துத் தகுதி இருந்தது, உண்மைதான். வாக்குப் பெற்ற பெண்கள் மிகச் சிலர், அதுவும் உண்மை. ஆனால் விதி செய்யும் அதிகாரம் கீழே வந்தபோது கதவு திறந்தது. 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை, அரசியல் சட்டம் சொன்ன மூன்றில் ஒன்றைத் தாண்டி, பாதியாக்கியதும் மாநிலச் சட்டம்தான்.

இனி மற்ற பதில். 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. 243கே உறுப்பின்படி ஊராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கான சட்டத்தைச் செய்வது மாநிலச் சட்டமன்றம். தேர்தல் விஷயத்தில் தில்லி தன் கையை எடுத்துக்கொண்டு மாநிலத்துக்கு முழுசாக விட்ட இடம் என்றால் அது இது ஒன்றுதான். நாம் என்ன செய்தோம்?

2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் பழங்குடியினர் ஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்ற வழக்கில் உயர்நீதிமன்றத்தால் ரத்தானது. தப்பைத் திருத்தித் தேர்தலை வைக்க எத்தனை நாள் ஆகும்? மூன்று வருஷம் ஆனது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. மிச்சமிருந்த ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆனது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்ற விதி 2006இல் ஒரு மாதிரி, 2011இல் ஒரு மாதிரி, 2016இல் ஒரு மாதிரி, 2018இல் ஒரு மாதிரி, 2019இல் ஒரு மாதிரி. விதி மக்களுக்காகவா மாறியது? யாருக்கு எது தோது என்று பார்த்து மாறியது. தர்மபுரி உட்பட அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோதும் அடுத்த தேர்தல் தயாராக இல்லை. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை முடித்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243இ உறுப்பு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2006இலேயே கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியாயிற்று.

தில்லியிடம் சுயாட்சி கேட்கிற கோட்டை, ஊராட்சிக்குச் சுயாட்சி என்றதும் வாயை மூடிக்கொள்கிறது. ‘உட்பட்டு’ என்ற சொல்லைத் தில்லி நமக்கு எழுதியதைப் பற்றி நாம் பேசினோம். நாம் யாருக்கு எழுதினோம் என்று பேசவில்லை.

‘உள்ளூர்’ என்ற சொல்லையும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. தமிழனின் ஜனநாயகம் என்று மேடைதோறும் காட்டப்படுகிற உத்திரமேரூர்க் கல்வெட்டு முதலாம் பராந்தகனின் காலத்தது, பத்தாம் நூற்றாண்டின் முதற்பாதி. அது என்ன? ஒரு பிராமண சபை, அரசனின் ஆணைப்படி, அரசனின் அலுவலர் உடனிருக்க எழுதிய தேர்தல் விதி. கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70க்குள், வேதக் கல்வி. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக்கூடாது என்ற விதியைப் பாராட்டலாம். அந்தப் பட்டியலில் சேரவே முடியாதவர்கள் யார் என்று கேட்காமல் பாராட்ட முடியுமா? அதன் எச்சம் இன்றைக்கும் இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் பத்தாண்டு முறையான தேர்தலே நடக்கவிடாமல் தடுக்கப்பட்டது. 2006இல்தான் நிலைமை மாறியது. ‘ஊர் முடிவு’ என்பதும் ஓர் அதிகாரம்தான். சிலசமயம் எல்லா அதிகாரத்தையும்விடக் கொடியது.

5

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலை என்று ஒன்று உண்டு. பாதை சரியில்லாததால் வாக்கு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போவார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில்கூட அப்படித்தான். பேப்பர்க்காரர்கள் படம் எடுத்துப் போட்டார்கள்: ஜனநாயகத்தின் வெற்றி. எனக்கு அந்தப் படம் வேறொன்றைச் சொன்னது. வாக்குச்சாவடியைக் கொண்டுபோவது ஆணையத்தின் வேலை, கழுதை வரும். ரோடு போடுவது மாநிலத்தின் வேலை, ரோடு வரவில்லை. வாக்காளன் என்கிற அளவில் அந்த மலைக்காரன் முழுக் குடிமகன். மற்ற நாட்களில் யார்? அதிகாரங்களைப் பிரித்து எழுதிய அட்டவணை அவன் காலடியில் இப்படி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

2010 இடைத்தேர்தலையும் பென்னாகரம்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆணையம் முதலில் ஜனவரி 20 என்றது. பொங்கலை ஒட்டி வருகிறதென்று எதிர்ப்பு வந்ததும் மார்ச் 27க்குத் தள்ளிப்போட்டது. தேதி குறிப்பது ஆணையத்தின் அதிகாரம், சரி. ஆனால் தேதியைப் பற்றி நடந்த பேச்சு முழுதும் கட்சிகளுக்கு எது தோது என்பதைப் பற்றியதாகவே இருந்தது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன எங்கள் ஜனங்கள் ஊருக்குத் திரும்புவதே பொங்கலுக்குத்தான். அவர்களுக்குப் பொங்கலை ஒட்டிய தேதி இடைஞ்சலா, வசதியா? தில்லியும் கேட்கவில்லை, சென்னையும் கேட்கவில்லை.

2025இன் திருத்தம் இந்தக் கேள்வியைத்தான் பெரிதாக்கிக்கொண்டு வந்தது. ‘வழக்கமாகக் குடியிருப்பவர்’ என்பது 1950 சட்டத்தின் சொல். அதன் 20ஆவது பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அந்த ஊரில் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியே போயிருக்கிறார் என்பதற்காக மட்டும் குடியிருப்பை இழந்துவிடவும் மாட்டார். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் எங்கள் தாலுகாவில் பாதிப்பேர் வாழ்கிறார்கள். கட்டட வேலைக்குப் போய்வரும் ஒருவர் டீக்கடையில் என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, பெங்களூர்ல கேட்டா நீ தமிழ்நாடு, அங்க போயி ஓட்டுப் போடுங்கறான். இங்க வந்தா, நீதான் பெங்களூர்லயே இருக்கியேங்கறாங்க. அப்ப நான் எங்கதான் இருக்கறன்?” இதற்கு எந்த உறுப்பில் பதில் இருக்கிறது? வரைவுப் பட்டியலில் விடுபட்ட 97 லட்சத்தில் மிகப் பெரும் பகுதி, ஏறக்குறைய 66 லட்சம், ‘இடம் மாறியவர், இல்லாதவர்’ என்ற வகையில் காட்டப்பட்டது. செத்தவரை எடுக்கத்தான் வேண்டும், இரண்டு இடத்தில் இருப்பதை ஓரிடமாக்கத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை. ‘இடம் மாறியவர்’ என்ற வகையில்தான் ஒரு வாழ்க்கைமுறையே குற்றமாக வாசிக்கப்படுகிற ஆபத்து இருக்கிறது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவனின் பெயரைக் காக்க எழுதப்பட்ட உறுப்பின்கீழ், பெங்களூருக்குப் போனவனின் பெயர் கேள்விக்குறியானது.

இதில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். படிவத்தோடு வாசலுக்கு வந்தது யார்? அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர். மாநில அரசின் ஊழியர்கள். 324ஆவது உறுப்பின் ஆறாவது உட்பிரிவு, ஆணையம் கேட்கும் ஆட்களை ஆளுநர் தர வேண்டும் என்கிறது. 1950 சட்டத்தின்படி அந்த வேலை செய்கிறவரை அவர்கள் ஆணையத்துக்கு அயற்பணியில் இருப்பவர்கள். அதே அம்மா காலையில் சத்துமாவு கொடுக்கும்போது சென்னை, சாயங்காலம் படிவம் வாங்கும்போது தில்லி. மையம், மாநிலம் என்ற எதிர்வு அந்த ஒரு உடம்பில் கலைந்துபோகிறது. இது தத்துவ வேடிக்கை இல்லை. பெயர் விடுபட்டுப் போனால் மாநில அரசு ‘அது ஆணையத்தின் வேலை’ என்கும். ஆணையம் ‘களத்தில் இருந்தது உங்கள் ஊழியர்’ என்கும். திட்டு வாங்குவது மட்டும் அந்த அம்மா. அதிகாரம் இரண்டு இடத்தில் இருந்தால் பொறுப்பும் இரண்டு மடங்காகும் என்று கூட்டாட்சிக் கோட்பாடு நினைக்கிறது. பொறுப்பு நடுவில் விழுந்து காணாமல் போவதைத்தான் பென்னாகரத்தில் பார்த்தோம்.

இன்னும் ஒன்று. ஊராட்சித் தேர்தலுக்கான பட்டியலைத் தானே தயாரிக்கும் அதிகாரம் 243கேயின்படி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு உண்டு. கேரளம் அப்படித் தயாரிக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றப் பட்டியலைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறது. செலவு குறைவு, வேலை மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளைவு என்ன? தில்லியின் பட்டியலில் பெயர் போனால் உள்ளூர் வார்டிலும் போகிறது. தன் கையில் இருந்த ஒரே பட்டியலையும் மாநிலம் கடன் வாங்கிக்கொண்டது. பிறகு ‘அபகரித்துவிட்டார்கள்’ என்று குரல் கொடுத்தது.

6

பெயர் போனவன் எங்கே போய் நிற்பது? இங்கேயும் ஒரு பழைய சேலம் மாவட்ட வழக்கு வழிமறிக்கிறது. முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் சென்னைச் சட்டமன்றத்துக்கு மனுச்செய்த பொன்னுசாமியின் வேட்புமனுவை 1951 நவம்பர் 28 அன்று தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்தார். அவர் உயர்நீதிமன்றம் போனார், பிறகு உச்சநீதிமன்றம் போனார். 1952 ஜனவரி 21 அன்று உச்சநீதிமன்றம் 329ஆவது உறுப்புக்கு உரை சொன்னது: ‘தேர்தல்’ என்பது வாக்குப்பதிவு மட்டுமல்ல, அறிவிப்பிலிருந்து முடிவுவரை எல்லாம் தேர்தல்தான். நடுவில் நீதிமன்றம் கைவைக்காது. குறையிருந்தால் முடிந்தபிறகு தேர்தல் மனுப் போடு. ஒரு சொல்லின் பொருளை அகலமாக்கிய உரை, எழுபது ஆண்டுக்கு மேலாக இந்தத் துறையை ஆண்டிருக்கிறது. தேர்தல் குறித்த காலத்தில் முடிய வேண்டும் என்ற நியாயம் அதில் உண்டு. தோற்ற வேட்பாளனுக்கு அதனால் பிறகாவது ஒரு வழி இருக்கிறது. பட்டியலிலேயே இல்லாதவனுக்கு? வாக்கு எண்ணி முடிந்தபிறகு அவனுக்கு எந்த மனு அவன் வாக்கைத் திருப்பித் தரும்? பட்டியல் விஷயத்தில் சிவில் நீதிமன்றத்தின் கதவை 1950 சட்டத்தின் 30ஆவது பிரிவு ஏற்கெனவே சாத்தி வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஏரியூர்ப் பக்கத்திலிருந்து தர்மபுரிக்கு வர வேண்டும். பெங்களூரிலிருந்து என்றால் இரண்டு நாள் கூலி.

ஆகவே நம் கோரிக்கையை வேறு மாதிரி எழுதவேண்டியிருக்கிறது என்பது என் கட்சி. பட்டியலை மாநிலத்திடம் கொடு என்பது போதாது. பாப்பாபட்டியும் தனி அலுவலர்களும் அதற்குச் சாட்சி. பட்டியல் ஆணையத்திடமே இருக்கட்டும் என்பதும் போதாது. 1949இல் அம்பேத்கரே சுட்டிய ஓட்டை அதற்குச் சாட்சி. யார் கையில் இருந்தாலும் பெயரை அடிக்கிற பேனா, அடிபட்டவனுக்குப் பதில் சொல்லக் கட்டுப்பட்டதாக இருக்க வேண்டும். இது ஆகாத காரியமல்ல. பீகாரில் வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடு என்று 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டதும் ஆணையம் வெளியிட்டது. கேட்டதால் வந்தது. இதை ஒரு வழக்கின் இடைக்கால உத்தரவாக விடாமல் சட்டத்தின் வாக்கியமாக ஆக்க வேண்டும்: ஒவ்வொரு நீக்கத்துக்கும் காரணம், அது அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில், வாசிக்கத் தெரியாதவருக்குக் கிராமசபையில் வாசித்துக் காட்டி. விசாரணை தர்மபுரியில் அல்ல, அந்த ஊரில். தேதி, வெளியே போனவர்கள் ஊர் திரும்புகிற நாளைப் பார்த்து. நிரூபிக்கும் பாரம், நீக்குகிறவன் தலையில்.

இதில் கிராமசபையில் வாசிப்பதற்கும் ஊழியரை அனுப்புவதற்கும் எந்தத் திருத்தமும் தேவையில்லை. ‘உட்பட்டு’ என்ற சொல்லும் குறுக்கே வராது. மாநில அரசு நினைத்தால் செய்யலாம். ஊராட்சிக்குத் தனிப் பட்டியல் தயாரிப்பதும், ஐந்தாண்டு முடியுமுன் ஊராட்சித் தேர்தலை வைப்பதும் அப்படியே. கையில் இருக்கிற அதிகாரத்தை ஜனங்களுக்காகப் பயன்படுத்திக் காட்டுகிற மாநிலம் இன்னும் அதிகாரம் கேட்கும்போது அந்தக் குரலுக்கு ஒரு கனம் வரும். அது இல்லாதவரை, மாநில உரிமை என்பது கோட்டைக்கும் தில்லிக்கும் நடுவில் நடக்கிற பாகத் தகராறுதான். அந்தத் தகராறில் பென்னாகரத்துக்காரனின் பெயர் சாட்சிப் பட்டியலில்கூட இருக்காது.